வீட்டுப் பொருள்களில் புரதத்தைக் கண்டறிதல்: பையூரெட் சோதனையை முதன்முறை செய்வோர்க்கு ஒரு வழிகாட்டி

பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் புரதம் இருக்கிறது என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அதை நம் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள மயில்துத்தக் கரைசல், எரிசோடாக் கரைசல் ஆகிய இரண்டே போதும். இவை புரதத்துடன் சேரும்போது கலவை ஊதா நிறம் கொள்கிறது. இதைத்தான் பையூரெட் சோதனை என்கிறார்கள். இந்த நிறமாற்றத்தை ஃபெர்டினாண்ட் ரோஸ் 1833-ஆம் ஆண்டிலேயே கவனித்திருக்கிறார். இன்றுவரை பள்ளி ஆய்வகங்களிலும், இரத்தத்தில் உள்ள மொத்தப் புரதத்தை அளக்கும் மருத்துவ ஆய்வகங்களிலும் இதே வினைதான் பயன்படுகிறது.

சோதனை எளிது. ஆனால் ஒரு குழாயில் தோன்றும் நிறம் ஊதாவா, வெறும் நீலமா என்று தனியாகப் பார்த்துச் சொல்வது எளிதன்று. விடை ஏற்கெனவே தெரிந்த குழாய்களைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் மட்டுமே அந்த நிறத்தை நம்பலாம். இக்கட்டுரையில் சொல்லப்படும் எல்லா வழிமுறைகளும் இந்த ஒன்றைச் சார்ந்தே அமைந்துள்ளன.

சோதனை எதைப் பார்க்கிறது

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. அவற்றை இணைப்பது பெப்டைடு பிணைப்பு. காரத்தன்மை மிகுந்த கரைசலில் இந்தப் பிணைப்புகளில் உள்ள நைட்ரஜன் அணுக்கள் தம்மிடம் உள்ள ஹைட்ரஜனை இழந்து, தாமிர அயனியைச் சூழ்ந்து பற்றிக்கொள்கின்றன. அப்போது தாமிரத்தின் நீலம் ஊதாவாக மாறுகிறது. குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்புகளாவது இருந்தால்தான் இது நிகழும். ஆகவே தனி அமினோ அமிலங்கள் இந்த ஊதாவைப் பொதுவாகத் தருவதில்லை. சிறிய சங்கிலிகள் இளஞ்சிவப்புச் சாயலையும் நீண்ட சங்கிலிகள் நல்ல ஊதாவையும் தருகின்றன.

இதிலிருந்து ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இச்சோதனை பெப்டைடு பிணைப்பு இருக்கிறதா என்று மட்டுமே சொல்கிறது. அந்தப் புரதம் உடலுக்கு எவ்வளவு நல்லது என்று சொல்வதில்லை. டிரிப்டோஃபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அறவே இல்லாத ஜெலட்டினும் முட்டை வெள்ளைக்கருவைப் போலவே ஊதா நிறத்தைக் காட்டும்.

தேவையான பொருள்களும் எச்சரிக்கையும்

மயில்துத்தம் என்பது நீல நிறப் படிகமாகக் கிடைக்கும் காப்பர் சல்ஃபேட். பயிர்களின் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை தயாரிப்பதற்காக உரக்கடைகளிலும் விற்கிறார்கள் என்றாலும், ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் சிறிய புட்டியாக வாங்குவதே நல்லது. எரிசோடாவையும், அதாவது சோடியம் ஹைட்ராக்சைடையும், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கழிவுநீர்க் குழாய் அடைப்பை நீக்க விற்கப்படும் தூள்களில் எரிசோடா இருந்தாலும் அலுமினியத் துண்டுகளும் வேறு பொருள்களும் கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இவை தவிர, பத்துப் பன்னிரண்டு சோதனைக்குழாய்கள், அவற்றை நிறுத்த ஒரு தாங்கி, மூன்று சொட்டுக்குழாய்கள், ஓர் அளவு உருளை, காபி வடிக்கும் வடிதாள் அல்லது மெல்லிய பருத்தித் துணி, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை வேண்டும்.

தண்ணீரின் தரமும் முக்கியம். உப்புச்சத்து மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரில் எரிசோடாவைச் சேர்த்தால், அந்த நீரிலுள்ள மெக்னீசியமும் கால்சியமும் வெண்மையாகக் கலங்கி நிறத்தை மறைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள்; பேட்டரிக்கு ஊற்ற விற்கும் நீரே போதுமானது.

எரிசோடாவைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம். கரைக்கும்போது நீர் கொதிக்கும் அளவுக்குச் சூடேறக்கூடும். எனவே கரைசல் தயாரிக்கும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். நீரில் எரிசோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டுமே தவிர, எரிசோடாவின் மேல் நீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தை எரிசோடா தின்றுவிடும். அப்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். விரல்களுக்கிடையே வழவழப்பாக உணர்ந்தால் கரைசல் தோலில் பட்டுவிட்டது என்று பொருள். உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி அதை முறிக்க முயலக் கூடாது. மயில்துத்தமும் நஞ்சு. இதற்கெனப் பயன்படுத்திய கரண்டியும் கிண்ணமும் மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது.

கரைசல்களைத் தயாரித்தல்

முதல் கரைசலுக்கு, 1 கிராம் மயில்துத்தப் படிகத்தை நீரில் கரைத்து 100 மில்லிலிட்டராக்குங்கள். இரண்டாவதற்கு, ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரில் 10 கிராம் எரிசோடாவைச் சிறிது சிறிதாகக் கரைத்து, ஆறிய பின் 100 மில்லிலிட்டராக்குங்கள். பாடநூல்கள் சிலவற்றில் மயில்துத்தத்தை 2 கிராம் என்று குறிப்பிடுவார்கள். புதிதாகச் செய்பவர்கள் 1 கிராமோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. தாமிரம் மிகுந்தால் என்ன கோளாறு நேரும் என்பதைப் பின்னர்க் காண்போம். எரிசோடாக் கரைசலைப் பிளாஸ்டிக் புட்டியில் வைத்து இறுக மூடுங்கள். கண்ணாடி மூடியிட்ட புட்டியில் வைத்தால் மூடி ஒட்டிக்கொள்ளும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அதன் வீரியம் குறையும். இரண்டு புட்டிகளிலும் பொருளின் பெயரையும் தயாரித்த தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

விடை தெரிந்த மூன்று குழாய்கள்

ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டிய பொருளுக்கு முன்பாகவே இந்த மூன்றையும் தயாரித்துவிட வேண்டும். முதல் குழாயில் வெறும் நீர். இரண்டாவதில் ஜவ்வரிசியை ஊறவைத்து அரைத்து வடித்த நீர். மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படும் ஜவ்வரிசியில் புரதம் இல்லை என்றே சொல்லலாம் என்பதால், உணவுப் பொருளாக இருந்தும் ஊதா தராத ஒன்றை இது நமக்குக் காட்டுகிறது. மூன்றாவதில் முட்டை வெள்ளைக்கரு.

வெள்ளைக்கருவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புரதம். ஒரு பங்கு வெள்ளைக்கருவுக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து, நுரை எழாமல் மெதுவாகக் கலக்கினால், ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் அளவுக்குப் புரதம் உள்ள கரைசல் கிடைக்கும். கலக்கும்போது வெண்ணிற இழைகள் தோன்றினால் ஒரு சிட்டிகை உப்பைச் சேருங்கள். வெறும் நீரில் கரையாத குளோபுலின் வகைப் புரதங்கள் உப்பு நீரில் கரைந்துவிடும். எஞ்சியதை வடித்துக்கொள்ளலாம். வீட்டில் முட்டை புழங்காதவர்கள், கொழுப்பு நீக்கிய பாலைச் சம அளவு நீர் கலந்து வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை

எல்லாக் குழாய்களுக்கும் எண்ணிட்டு, எந்த எண்ணில் எந்தப் பொருள் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 2 மில்லிலிட்டர் மாதிரிக் கரைசலை ஊற்றி, அதே அளவு எரிசோடாக் கரைசலைச் சேர்த்து மெல்ல ஆட்டிக் கலக்குங்கள். குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கும் பழக்கம் இங்கே கூடாது. பிறகு மயில்துத்தக் கரைசலை ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்குப் பின்னும் ஆட்டிவிட்டு, ஐந்து சொட்டுகளோடு நிறுத்துங்கள். எல்லாக் குழாய்களுக்கும் சொட்டுகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்க வேண்டும். குழாய்களைச் சூடாக்கக் கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே நிறுத்திவைத்து, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கொளியில் நீலத்துக்கும் ஊதாவுக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும்.

நீர்க் குழாயில் வெளிர்நீலக் கலங்கலும், வெள்ளைக்கருக் குழாயில் தெளிவான ஊதாவும் தெரிந்தால் உங்கள் கரைசல்கள் சரியாக உள்ளன. இவ்விரண்டும் எதிர்பார்த்தபடி அமையாவிட்டால் மற்றக் குழாய்களில் தெரிவதை எழுதிவைக்கவே வேண்டாம். கரைசல்களைப் புதிதாகத் தயாரித்து மீண்டும் தொடங்குங்கள்.

நிறத்தைச் சொல்பவருக்கு எந்தக் குழாயில் எது இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது இன்னும் சிறப்பு. பருப்பு என்று தெரிந்துவிட்டால், நீலமும் நமக்கு ஊதாவாகத் தோன்றத் தொடங்கும். ஒருவர் குழாய்களை அடுக்க, மற்றொருவர் நிறத்தைச் சொல்லட்டும்.

மாதிரியைப் பக்குவப்படுத்துதல்

புரதம் இருந்தும் ஊதா தெரியவில்லை என்றால், பெரும்பாலும் புரதம் கரைசலுக்குள் வரவில்லை என்பதே காரணம். தாமிரம் கரைந்த புரதத்தோடுதான் நன்றாக வினைபுரியும். எந்தப் புரதம் எதில் கரையும் என்பதோ பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது.

பாலைச் சம அளவு நீர் சேர்த்து நேரடியாகச் சோதிக்கலாம். கொழுப்பினால் கலங்கலாக இருந்தாலும் ஊதா நன்றாகவே தெரியும். பாலைக் கொதிக்கவைத்து எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, திரண்ட பனீரையும் பிரிந்த நீரையும் தனித்தனியே சோதிப்பது மிக நல்ல பயிற்சி. பாலின் முதன்மைப் புரதமான கேசீன் அமிலத்தில் கரையாமல் திரண்டு பனீரில் சேர்ந்துவிடுவதால், அதில் ஒரு துணுக்கை எரிசோடாவில் கரைத்துச் சோதித்தால் ஆழ்ந்த ஊதாவும், பிரிந்த நீரில் மங்கலான ஊதாவும் தெரியும்.

துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, உளுந்து முதலியவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் உண்டு. வறுக்காத, வேகவைக்காத பருப்பை மாவாக்கி, ஒரு பங்கு மாவுக்குப் பத்துப் பங்கு நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து அரைமணி நேரம் ஊறவைத்து, வடிதாளில் வடித்துத் தெளிந்த நீரை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்புப் புரதங்களில் பெரும்பகுதி குளோபுலின் வகையைச் சேர்ந்தது; அதனால்தான் உப்பு தேவைப்படுகிறது. வெந்த பருப்பில் புரதம் உருக்குலைந்து இறுகிவிடுவதால் இவ்வளவு எளிதாகக் கரையாது. சாம்பாரை அப்படியே சோதிக்க முற்படாதீர்கள்: மஞ்சள் தூள் எரிசோடாவில் பட்டதும் செங்கபில நிறமாகிவிடும், அதற்குள் ஊதாவைத் தேட முடியாது.

நிலக்கடலையில் எண்ணெய்தான் தொல்லை. நசுக்கிய கடலையைத் தாளில் வைத்து அழுத்தி எண்ணெயை உறிஞ்சவிட்ட பின், பருப்பைப் போலவே ஊறவைக்கலாம். செக்கில் வாங்கிய கடலைப் பிண்ணாக்கு கிடைத்தால் எண்ணெய்த் தொல்லை வெகுவாகக் குறையும். சோயா உருண்டைகளைக் கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து, அரைத்து, கீழே சொல்லப்படும் நீர்த்த எரிசோடாவில் ஊறவைக்க வேண்டும்.

அரிசிதான் பலரையும் ஏமாற்றுகிறது. பச்சரிசியில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் புரதம் இருந்தும், அரிசி மாவை நீரில் கலக்கிச் சோதித்தால் பெரும்பாலும் நீலமே தெரியும். ‘அரிசியில் புரதமே இல்லை’ என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அரிசிப் புரதத்தின் பெரும்பகுதி குளுட்டெலின் வகை. அது நீரிலும் உப்பு நீரிலும் கரையாது, காரத்தில்தான் கரையும். நம்மிடமுள்ள எரிசோடாக் கரைசலில் 1 மில்லிலிட்டரை 50 மில்லிலிட்டர் நீரில் கலந்து, அந்த நீர்த்த காரத்தில் அரிசி மாவை ஒரு மணி நேரம் ஊறவைத்து, அவ்வப்போது கலக்கிவிட்டு, மாவு அடியில் படிந்த பின் மேலுள்ள தெளிந்த நீரை எடுங்கள். நீர்க்கச் செய்யாத கரைசலை நேரடியாக ஊற்றினால் மாவுச்சத்து பசையாகி எதையும் வடிக்க முடியாமல் போகும். இப்படி எடுத்த தெளிநீரில் மெல்லிய ஊதா தெரியும். இதையும் முன்பு நீரில் கலக்கிய அரிசியையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். மாதிரியைப் பக்குவப்படுத்துவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

கோதுமைக்கு இன்னொரு வழி உண்டு. மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து அரைமணி நேரம் வைத்திருந்து, நீருக்கடியில் பிசைந்து பிசைந்து கழுவினால், மாவுச்சத்து பால்போலக் கரைந்து போய், பசையான இழுவைப் பொருள் கையில் எஞ்சும். அதுதான் குளூட்டன் என்ற புரதம். அதில் கடுகளவு எடுத்து நீர்த்த எரிசோடாவில் ஊறவைத்துச் சோதித்தால் ஊதா எளிதில் வந்துவிடும்.

ஜெலட்டினையும் அகர் எனப்படும் கடற்பாசியையும் இணையாகச் சோதிப்பது பயனுள்ளது. இரண்டும் நீரில் கரைந்து ஆறும்போது உறைகின்றன. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் ஊதா தரும். கடல் தாவரத்திலிருந்து வரும் அகர் மாவுச்சத்தைப் போன்ற பொருள் என்பதால் நீலமாகவே நிற்கும். நிறமோ இனிப்போ சேர்க்காததை வாங்கி, உறையாத அளவுக்கு நீர்க்கக் கரைத்துச் சோதியுங்கள்.

சர்க்கரை, உப்பு, நெய், தேங்காய் எண்ணெய் ஆகியவை ஊதா தருவதில்லை.

ஏமாற்றும் நிறங்கள்

மயில்துத்தம் மிகுந்துவிட்டால், தாமிரம் நீல நிறக் கூழாகத் திரண்டு, அடியிலுள்ள மெல்லிய ஊதாவை மறைத்துவிடும். குறைவான புரதம் உள்ள பொருள்களில் இது அடிக்கடி நேரும். குழாயைச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்து, கூழ் படிந்த பின் மேலுள்ள தெளிந்த பகுதியின் நிறத்தைப் பாருங்கள். அல்லது இரண்டு சொட்டு மட்டும் விட்டு மீண்டும் செய்யுங்கள். குழாயைச் சூடாக்கினால் இந்தக் கூழ் கருத்துவிடும். தேனிலும் பாலிலும் உள்ள சர்க்கரைகள் சூட்டில் தாமிரத்தோடு வினைபுரிந்து செங்கல் நிற வீழ்படிவைத் தரும். அது சர்க்கரைக்கான சோதனையாகிவிடும், புரதத்துக்கானது ஆகாது.

அம்மோனியா கலந்த பொருள்கள் ஆழ்ந்த நீலத்தைத் தரும். அம்மோனியம் சல்ஃபேட் உரத்தைச் சோதித்தால் எரிசோடா பட்டதுமே நெடி எழுந்து, மயில்துத்தம் விட்டதும் அடர்நீலம் தோன்றும். அதை ஊதா என்று எண்ணிவிடக் கூடாது. அஜினோமோட்டோவும் அப்படித்தான்: அது குளுட்டமிக் அமிலம் என்ற தனி அமினோ அமிலத்தின் உப்பு, தாமிரத்தோடு சேர்ந்து தெளிந்த நீலம் தருமே ஒழிய ஊதா தராது. பீட்ரூட், செம்பருத்தி, தேநீர் போன்றவற்றின் சொந்த நிறமே காரத்தில் மாறிவிடுவதால், இவற்றுக்கு மயில்துத்தம் சேர்க்காமல் எரிசோடா மட்டும் சேர்த்த துணைக் குழாய் ஒன்றையும் நிறுத்தி ஒப்பிட வேண்டும்.

நீலம் தெரிவதால் புரதம் அறவே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகப் புரதம் இருந்தால் வெறும் கண்ணால் நிறம் காண்பது கடினம். ‘இந்த முறையில் புரதம் தென்படவில்லை’ என்று எழுதுவதே நேர்மையான குறிப்பு.

தோராயமாக அளவிட விரும்புவோர்க்கு

இருக்கிறதா இல்லையா என்பதைத் தாண்டி, எவ்வளவு இருக்கிறது என்று அறியும் ஆவல் விரைவில் எழும். அதற்கு மயில்துத்தமும் எரிசோடாவும் ஒன்றாகவே கலந்திருக்கும் நிலையான கரைசல் ஒன்று உதவும். கோர்னல், பார்டவில், டேவிட் ஆகியோர் 1949-ஆம் ஆண்டு வெளியிட்ட முறை இது: 1.5 கிராம் மயில்துத்தத்தையும் 6 கிராம் சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட்டையும் 500 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே 300 மில்லிலிட்டர் பத்து விழுக்காட்டு எரிசோடாக் கரைசலைச் சேர்த்து, ஒரு லிட்டராக்க வேண்டும். டார்ட்ரேட் தாமிரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் நீலக் கூழ் படியும் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் புட்டியில் நெடுநாள் இருக்கும். கறுப்பாகவோ சிவப்பாகவோ வண்டல் தோன்றினால் அப்புறப்படுத்திவிட வேண்டும். இந்த வேலையைப் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையோடு செய்வதே பொருத்தம்.

முன்பு தயாரித்த வெள்ளைக்கருக் கரைசலைப் பாதி பாதியாக நீர்த்து, மில்லிலிட்டருக்கு 10, 5, 2.5, 1.25 மில்லிகிராம் என நான்கு குழாய்களை வரிசையாக அமையுங்கள். ஒவ்வொன்றிலும் 1 மில்லிலிட்டர் எடுத்து, அதனுடன் 4 மில்லிலிட்டர் இந்தக் கரைசலைச் சேர்த்து அரைமணி நேரம் வைத்திருங்கள். கொழுப்பு நீக்கிய பாலை ஐந்து மடங்காக நீர்த்து அதே வகையில் செய்து, அதன் நிறம் எந்த இரண்டு குழாய்களுக்கு இடையில் பொருந்துகிறது என்று பாருங்கள். பாலில் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல் புரதம் இருப்பதால், 10-க்கும் 5-க்கும் இடையே அது அமைய வேண்டும்.

உணவு ஆய்வகங்களில் பொதுவாக வேறு வழியைப் பின்பற்றுகிறார்கள். யோகான் கெல்டால் 1883-இல் வகுத்த முறைப்படி உணவின் மொத்த நைட்ரஜனை அளந்து, 6.25 என்ற எண்ணால் பெருக்கிப் புரத அளவைக் கணக்கிடுகிறார்கள். பாலுக்கு அந்த எண் 6.38. நுணுக்கமான முறைதான். ஆனால் நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜனைக் கொண்ட மெலமினைப் பாலில் கலந்து, புரதம் மிகுந்ததாகக் காட்டிய கொடுமை 2008-ஆம் ஆண்டு சீனாவில் வெளிப்பட்டது, குழந்தைகள் உயிரிழந்தார்கள். மெலமினிலும் யூரியாவிலும் பெப்டைடு பிணைப்பு இல்லை. இப்படிப்பட்ட கலப்படத்தை ஐந்து சொட்டு மயில்துத்தத்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு சோதனையும் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று கேட்டுப் பழகுவது உயிர் சார்ந்த விஷயம்.

பட்டும் கம்பளியும்

உணவல்லாத பொருள்களிலும் புரதம் உண்டு. பட்டு நூல், கம்பளி, முடி ஆகியவை புரதத்தால் ஆனவை. ஆனால் அவை எளிதில் கரைவதில்லை என்பதால் பையூரெட் சோதனை புதியவர்களுக்கு இங்கே கைகொடுக்காது. எரித்துப் பார்ப்பதே போதும். விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்து, சுடரில் காட்டுங்கள். பட்டு முடி கருகும் நாற்றத்தோடு மெல்லச் சுருண்டு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரிய உருண்டையை விட்டுச் செல்லும். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு மென்சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, நசுங்காத கெட்டி உருண்டையாகும். அதை ஆறும்வரை தொடக் கூடாது.

வேலை முடிந்தபின்

சோதித்த கலவைகளைச் செடிகளுக்கோ குளத்திற்கோ ஊற்றக் கூடாது. தாமிரம் சிறிய அளவிலும் மீன்களுக்கு நஞ்சு. எல்லாவற்றையும் ‘தாமிரக் கழிவு, காரம்’ என்று எழுதிய பிளாஸ்டிக் கலன் ஒன்றில் சேர்த்துவைத்து, அருகிலுள்ள பள்ளி அல்லது கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் கேட்டு ஒப்படையுங்கள். குழாய்களை முதலில் சிறிது நீர்விட்டு அலசி, அந்த நீரையும் அதே கலனில் ஊற்றிய பிறகே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சோப்பு முழுமையாகப் போகும்வரை அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை கழுவிக் கவிழ்த்துவையுங்கள். முந்தைய சோதனையின் வெள்ளைக்கரு ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்தாலும், அடுத்த முறை ஜவ்வரிசியும் ஊதா நிறம் காட்டும்.